பகலில் ஆள் இருக்கிற வீடு

பாகற்கொடி என்றால் அவளுக்கு உயிர். குளிர் ஊரில் அது காய்ப்பது குதிரைக்கொம்பு என்று தெரிந்தும் விடுவதாயில்லை. விதையின் முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்துணியில் சுற்றி, ஃப்ரிட்ஜுக்கு மேலே கதகதப்பில் வைத்து முளைக்க வைப்பாள். கண்ணாடி அடைத்த பால்கனியில் தொட்டிகள். ராத்திரி குளிர் இறங்கினால் தொட்டிகளுக்குப் பழைய கம்பளி. கட்டிய புருஷனுக்குக்கூட அந்த வீட்டில் இத்தனை உபசாரம் நடந்ததில்லை.

போன வருஷம் கொடி பால்கனியை அடைத்துக்கொண்டு படர்ந்தது. காய்தான் ஒன்றுகூட இல்லை. ஜன்னல் எப்போதும் மூடியிருப்பதால் தேனீ வராது. ஆண்பூவைப் பறித்து, அடியில் பிஞ்சோடு நிற்கும் பெண்பூவின் நடுவில் கையால் தடவ வேண்டும். அவளோ பூ விரியும் முன் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குக் கிளம்பி, அது வாடிய பின் திரும்புகிறவள். விடுமுறை நாளில் பார்த்தால் ஆண்பூவாகவே விரிந்து பல்லிளிக்கும். கடைசியில் கொடியை அறுத்துப் போடும்போது அவள் அழுதுவிட்டாள்.

"பகல்ல ஆள் இருக்கற வீட்டுலதான் இது காய்க்கும். நமக்கு அது ஏது?" என்றாள்.

அவள் அழுதது புருஷனுக்கு நினைவிருந்தது. சொன்னது மறந்துபோயிற்று. வினையே அங்கேதான்.

அவன் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் ஏற்கெனவே ஒரு வேலையைத் தொலைத்தவன். இனிமேல் யாரிடமும் மல்லுக்கு நிற்பதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்துத்தான் கிடங்கில் சேர்ந்தான். இந்த வருஷம் குளிர் விடும் சமயத்தில் சூப்பர்வைசரிடம் மறுபடி வாயைக் கொடுத்தான். அன்றே அனுப்பிவிட்டார்கள்.

வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். கிடைக்கவில்லை. காலையில் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, அவள் கட்டிக் கொடுத்த டப்பாவோடு அவளுடனேயே கிளம்புவான். அவளை பஸ் ஏற்றிவிட்டு எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வீடு திரும்புவான். சொந்த வீட்டுக்குள் திருடனைப் போல் நுழைவது அவமானமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று டிவிகூடப் போடமாட்டான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள், இந்த வருஷமும் அவள் விடாமல் போட்டிருந்த கொடியில் ஒரு பெண்பூ பிஞ்சோடு மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. மறுநாள் வெயில் ஏறியதும் ஆண்பூவைப் பறித்து, தடித்த விரல்களால் பயந்து பயந்து தடவினான். அப்புறம் தினமும் செய்தான். வேண்டாம் போ என்று அவனிடம் சொல்லாத ஒரே வேலை அதுதான்.

காய் பிடித்தது. அவள் பார்த்துத் துள்ளிக் குதிப்பாள் என்று காத்திருந்தான். அவளோ ஒவ்வோர் இலையாக விலக்கிப் பார்த்தாள், வெகுநேரம் நின்றாள், அப்படியே சமைக்கப் போனாள். அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மறுநாளும் டப்பா தயாராக இருந்தது. அதற்கு மறுநாளும்.

முதல் காயை அறுத்து வறுத்த அன்று, அவனுக்குப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கை நீளம், ஒண்ணு விரல் நீளம், ஒண்ணு இப்பத்தான் பிஞ்சு," என்றாள். "எல்லாம் ஒரே நாள்ல பிடிச்சதில்ல. பகல்ல யாரோ தினமும் தொட்டிருக்காங்க."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். தேனீ என்று சொல்லலாமென்றால், ஜன்னலைத் திறக்கவிடாமல் காவல் காப்பவளே அவள்தான்.

"வேலை போயிடுச்சு," என்றான். "வாயாலதான்."

"மொத பிஞ்சப் பாத்தப்பவே தெரியும்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்களா சொல்வீங்கன்னுதான் தினமும் டப்பா கட்டினேன்."

அவள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான், அதில்தான் அவன் கெட்டிக்காரன். அவள் குரல் உடைந்தது. அவனுக்குத் தலை நிமிரவில்லை. மிச்சம் இருந்த வறுவலை ஒன்றுவிடாமல் தின்றான்.

பாத்திரங்களைக் கழுவி முடித்தபின் அவள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு இதுல கட்டவா, இல்ல தட்டுல போட்டு மூடி வச்சுட்டுப் போகவா?"

"தட்டுலயே வை," என்றான்.

அவள் டப்பாவைத் துடைத்து மேல் அலமாரியில் ஏற்றினாள். அப்புறமும் அவன் பக்கம் திரும்பவில்லை.