டோர்தேயின் பட்டை

ஓர்ஹூஸ் நகரத்து ஆய்வகம் ஒன்றில் ஒரு வழக்கம் உண்டு. சொதப்பியவர் கேக் சுட்டுக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் கிண்டலடித்துக்கொண்டே தின்பார்கள். தின்று முடித்தால் கணக்குத் தீர்ந்தது. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அங்கே ஆராய்ச்சி செய்யும் டோர்தே இத்தனை வருஷத்தில் ஒரு கேக்கும் கொண்டுவந்ததில்லை. அவ்வளவு கெட்டிக்காரி. அதனாலேயே அவளோடு யாரும் ஒட்டவில்லை என்றும் சொல்லலாம்.

கல்லீரலில் சர்க்கரையைக் கையாளும் ஒரு நொதி, சிறுநீரகத்திலும் இருக்கிறது என்று கண்டவள் அவள். திசுச் சாறு ஏற்றிய படலத்தின் மேல், நொதியைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றினால், நொதி இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும். புருஷன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன குளிர்காலத்தில்தான் அது முதலில் விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்கு உறவு என்றால் அந்தப் பட்டைதான். கட்டுரையும் எழுதியாயிற்று, திங்கட்கிழமை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, யாரும் கேட்காத ஒரு சோதனையைச் செய்தாள். நொதியின் எந்தத் துண்டை ஆன்டிபாடி பிடிக்கிறதோ, அதே துண்டைத் தனியாகச் செய்து விற்கிறார்கள். தடுப்புப் பெப்டைடு என்று பெயர். அதை ஆன்டிபாடிக்கு முதலிலேயே கொடுத்துவிட்டால், வயிறு நிறைந்தவன் பந்தியில் கை நீட்டாத மாதிரி, அது நொதியைத் தொடாது. பட்டை மறைந்துவிடும். மறையாவிட்டால் அந்தப் பட்டை நொதியே அல்ல, வேறு ஏதோ.

கல்லீரல் பட்டை மறைந்தது. சிறுநீரகப் பட்டை கல்லுளிமங்கன் மாதிரி அசையாமல் நின்றது. மறுநாள் எல்லாவற்றையும் புதிதாகக் கலந்து பார்த்தாள். அப்போதும் நின்றது. ஐயோ என்று சொல்லி அழக்கூட அவளுக்கு ஓர் ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை, ஆய்வகத் தலைவன் ப்ரெபெனிடம் அந்தப் பட்டைகளின் படத்தைக் காட்டினாள். கட்டுரையில் அவன் பெயரும் இருந்தது.

"யாரு உன்னை இதைப் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"கல்லீரல்ல மறைஞ்சிடுச்சில்ல? அந்தப் படத்தை மட்டும் போடு. சிறுநீரகத்தைப் பத்தி யாரு கேக்கப் போறா?"

"நான் கேட்டேனே, ப்ரெபென்."

"நீ ஒருத்திதானே."

"ஆமா. ஒருத்திதான்."

அவன் கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை அவள் தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் போட்ட கேக்கோடு வந்து, அதை உணவறை மேசையின் நடுவில் வைத்தாள். பக்கத்து மேசைக்காரி சிசெல் கத்தியே விட்டாள்.

"அடேயப்பா, டோர்தே கேக்கா! இன்னைக்கு மழை கொட்டப் போகுது! என்னத்த உடைச்ச?"

"என் பட்டையைத்தான். அது நொதியே இல்லையாம்."

கண்களெல்லாம் மேசை முனையில் இருந்த ப்ரெபென் பக்கம் போயின. கேக்கைத் தின்றால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? அவன் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அப்புறம் எவருக்குக் கத்தியைத் தொடத் துணிச்சல் வரும்? தொடை நடுங்கிகள்!

சாயங்காலம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். வெட்டாத கேக்கின் முன்னால் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டாமோ என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தாள்.

ப்ரெபென் கோட்டும் தொப்பியுமாக உள்ளே வந்தான். உட்காரவில்லை. பெரிய துண்டாக ஒன்று வெட்டி, நின்றபடியே கடைசித் துகள்வரை தின்றான்.

"அடி கருகிடுச்சு."

"முதல் தடவை சுடறேன்."

"தெரியுது." கையைத் துடைத்துக்கொண்டான். "கட்டுரையை நிறுத்திட்டேன். பொண்ணு கார்ல காத்திருக்கா, வரேன்."

கணக்குத் தீர்ந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. இனி வீட்டுக்குப் போய் நினைத்துக்கொள்ள எதுவும் இல்லை.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள். பட்டை அதே இடத்தில், அதே கறுப்பில் இருந்தது.

"நீ யாருன்னே தெரியாம இத்தனை வருஷம் உன்கூட இருந்துட்டேனே," என்றாள் அதனிடம்.