டிக்கெட் டீச்சர்

முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்த அந்த அம்மாளுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் எதிரே வருகிறவர்கள் எல்லாம் வித்தவுட்டாகவே தெரிந்தார்கள். அந்தக் கண்ணோடுதான் கிறிஸ்தவ சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வைத்த பேர் டிக்கெட் டீச்சர். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

திடப்படுத்தல் ஆராதனைக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைக்கு முன்னால் தங்கள் வாயாலேயே சொல்லி, முதல் நற்கருணை எடுக்க வேண்டும். அதற்குக் கட்டளைகளில் தொடங்கி வரிசையாகக் கேள்வியும் பதிலுமாக வரும் ஞானோபதேசப் புத்தகம் மனப்பாடமாக வேண்டும். ஞாயிறுதோறும் கேட்ட பிரசங்கத்தைக் குறிப்பெழுதிக் காட்டவும் வேண்டும்.

தையல்காரியின் மகள் எழுதிய குறிப்பில்தான் டீச்சருக்குப் பொறி தட்டியது. போதகர் தன் தம்பியோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த கதையை அவள் எழுதியிருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் காதில் அப்படி ஒரு வார்த்தையும் விழவில்லை. இந்தப் பெண் வகுப்பில் கேள்வி கேட்டாலே திருதிருவென்று முழிப்பாள். கோயிலுக்கே வராமல் கதை கட்டுகிறாள், சந்தேகமே இல்லை. இவள் பேரை அடித்துவிடலாம், இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கட்டும்.

வகுப்பு முடிந்ததும் அவளைக் கையோடு போதகர் அறைக்குக் கூட்டிப்போனார்.

போதகர் நோட்டைப் படித்தார். முகம் சுண்டிப்போனது.

"இதை நான் சொல்லலை டீச்சர். பிரசங்கத் தாள்ல எழுதி வச்சிருந்தேன். அன்னிக்குன்னு தம்பி வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துட்டான். வாய் வரலை, விட்டுட்டேன்."

"அப்போ தாளைத் திருடியிருக்கா!" டீச்சருக்கு ஆளைப் பிடித்த திருப்தி. அவள் பக்கம் திரும்பினார். "எழுதினதைப் பாத்துக் காப்பியடிக்கணுமா? உனக்கென்ன காது இல்லையா?"

"கம்மிதான் டீச்சர்," என்றாள் அவள். "ரெண்டு வருஷமா. ஐயா தாளை மேடையிலயே விட்டுட்டுப் போவாங்க. பாத்து எழுதிட்டு அங்கயே வச்சிருவேன். கிட்ட இருந்தா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். மேடை தூரம்."

டீச்சர் விடவில்லை. "வகுப்புல நான் கிட்டதானே இருக்கேன்? அப்போ ஏன் முழிச்சே?"

"நீங்க புத்தகத்துக்குள்ள குனிஞ்சுதான் கேப்பீங்க. வாய் தெரியாது."

டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வருகைப் பதிவேட்டில் வாராவாரம் அவள் பேருக்கு நேரே 'கவனம் இல்லை' என்று எழுதியது அவர் கைதான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பரிசோதகர் புத்தி லேசில் போகுமா? மனப்பாடமாவது ஒழுங்காக இருக்கிறதா, பார்த்துவிடுவோம்.

நாற்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கட்டளைகளைக் கேட்டார், அவள் பிசகாமல் சொன்னாள். விசுவாசப்பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் அர்த்தத்தோடு சொன்னாள். அதற்குமேல் என்ன கேட்பதென்று டீச்சருக்கு ஓடவில்லை. இத்தனை வருஷமும் புத்தகத்தைப் பார்த்தே கேட்டுப் பழகியவர். கை தானாகப் புத்தகத்துக்குப் போய்த் தயங்கியது.

அவள் அவர் வாயையே பார்த்துக் காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்தது ஞானஸ்நானம், டீச்சர்."