சிவப்பு மூடி டப்பா

கொத்தமல்லி விதை சூடேறி வாசம் கிளம்பும் வரைக்கும் தையல்காரி யாரோடும் பேச மாட்டாள். பேச்சு சுவாரசியத்தில் கை நின்றால் அடியில் கருகும். கருகின ஒரு பிடி போதும், மொத்தக் குழம்புப் பொடியும் பாழ். அது தெரிந்தும் நாத்தனார் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு ஓயாமல் பேசினாள். ஆபீசுக்குப் புதிதாக வந்த மேனேஜர், மகனின் பல்வலி, மாடிக்கு ஏறாத தண்ணீர். கையில் இரண்டு டப்பாக்கள். நீல மூடி அவள் வீட்டுக்கு. சிவப்பு மூடி, பக்கத்து வீட்டு டீச்சருக்கு. டீச்சர் இப்போதுதான் புதிதாகச் சேர்ந்த வாடிக்கை.

புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் போன பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து இந்த வீட்டுப் படியேறியது இவள் ஒருத்திதான். ஆடு பகை, குட்டி உறவா என்று பெற்ற அம்மாவே கேட்டாள். தையல்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொடி தீரும்போதெல்லாம் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்பாள். "அண்ணி" என்று அவள் கூப்பிடும்போது, போனது ஒரு ஆள்தான், உறவே அறுந்துவிடவில்லை என்று மனசு தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும். அந்த ஒரு சொல்லுக்காக முதல் நாளே மிளகாயைக் காம்பு கிள்ளி, ஜன்னலோரத் தையல் மேஜைமேல் வெயிலில் பரப்பிவிடுவாள். தைக்க வந்த துணிகளெல்லாம் அன்றைக்குக் கட்டிலுக்குப் போய்விடும்.

கொத்தமல்லியைத் தாளில் கொட்டிவிட்டு மிளகைப் போட்டாள். அது வெடித்ததும் சீரகம். கடைசியில் வெந்தயம். வெந்தயம்தான் ஆளைச் சோதிப்பது. சிவக்க வேண்டும், கறுத்துவிடக் கூடாது.

"அண்ணி, சிவப்பு மூடியில மட்டும் இந்தத் தடவை சோம்பு கலக்க வேண்டாம்."

"ஏன்?"

"டீச்சருக்கு ஆகலையாம். மருந்துக்கடையில தட்டு வச்சு சாப்பிடுற மாதிரி இருக்காம்."

சொல்லிவிட்டு நாத்தனார் மறுபடியும் பல்வலிக்குப் போய்விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்குத் தான் கெட்டதுகூடத் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில், முதன்முதலாக அவள் வறுத்து அரைத்த பொடியில் சமைத்த சாப்பாட்டை இரண்டு வாய் தின்றுவிட்டுப் புருஷன் தட்டைத் தள்ளி வைத்தான். "என்ன இது, மருந்துக்கடையில தட்டு வச்ச மாதிரி?" என்றான். மாமியார் சிரித்தாள், இதே நாத்தனாரும் சிரித்தாள். சோம்புதான் காரணம் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அன்றோடு சோம்பு அவள் பொடியை விட்டுப் போனது. நாத்தனார் கொண்டுவரும் டப்பாக்களுக்கு மட்டும் சோம்பைத் தனியாக வறுத்து, தனியாக அரைத்து, கடைசியில் டப்பாவில் கலந்து கொடுப்பாள். கலந்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவியும் விடுவாள்.

அப்படியானால் டீச்சர் என்று ஒருத்தி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் தனக்காக வந்தவை இல்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்றுதான் தெரியவில்லை.

வெந்தயம் நிறம் மாறத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டால் போதும். கறுத்துக் கசந்து, அந்த வீட்டில் ஒரு வாய் இறங்காது. விடு என்றது மனசு. ஆனால் கை அதற்குள் அடுப்பை அணைத்து, வாணலியைச் சாய்த்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம், எசமானியைக் கேட்டுக்கொண்டா செய்யும்? அந்தக் கைமேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அரைத்துச் சலித்த பொடியைத் தாளில் பரப்பினாள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டிவிடும். ஆறும்வரை இருவரும் காத்திருக்கத்தான் வேண்டும். நாத்தனார் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தையல்காரி தரையில், பொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர் இப்பவும் தட்டைத் தள்ளி வச்சுட்டுத்தான் எழுந்திரிக்கிறாங்களா?"

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இளைச்சுப் போயிட்டாரு அண்ணி," என்றாள் கடைசியில். "அங்க எதுவும் வாய்க்குப் பிடிக்கல. வயித்துல புண்ணு வேற. கூடப் பொறந்துட்டேனே, என்ன பண்றது?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். அதைக் குற்றம் சொல்லத் தையல்காரிக்கு வாய் வரவில்லை. தன் சதை எது என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

"இது என் கைப்பொடின்னு அவருக்குத் தெரியுமா?"

"ஐயோ, சொல்வேனா? தெரிஞ்சா தொடவே மாட்டாரு. கடையில வாங்கினேன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"என்ன சொன்னாரு?"

நாத்தனார் தயங்கினாள். "கடைப்பொடியே நல்லாத்தான் இருக்கு, சோம்பு மட்டும் இல்லாம இருந்தா போதும்னாரு."

தையல்காரி சிரித்துவிட்டாள். அது சிரிப்பா என்று நாத்தனாருக்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும், ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டாள்.

"சோம்பு இல்லாம போனா கண்டுபிடிச்சிட மாட்டாரா? அது அப்படியே இந்த வீட்டுப் பொடியாச்சே. யோசிச்சியா நீ?"

நாத்தனார் யோசித்திருக்கவில்லை. இப்போதுதான் அவள் கண் விரிந்தது.

பொடி ஆறிவிட்டது. தையல்காரி இரண்டு டப்பாவையும் நிரப்பினாள். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் சோம்புத்தூள். நீல மூடிக்குப் போட்டுக் கலந்தாள். சிவப்பு மூடி டப்பாவின் முன்னால் கை நின்றது. இதை இப்படியே கொடுத்தால், முதல் வாயிலேயே அவனுக்குத் தெரிந்துவிடலாம். தெரியட்டும் என்று ஆசையாக இருந்தது. வெட்கங்கெட்ட ஆசை. தட்டைப் பார்த்தபடி அவன் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும் என்று தோன்றியது.

தெரியாமல் போய்விட்டால்? வழக்கம்போலத் தின்று முடித்து, இந்தக் கடைப்பொடி தேவலை என்று கைகழுவிக்கொண்டு போனால்?

கிண்ணத்தில் மீதி இருந்ததையெல்லாம் சிவப்பு மூடி டப்பாவில் கொட்டினாள். அடிவரைக்கும் கையை விட்டுக் கலந்தாள். மூடியை அழுத்தித் திருகி நாத்தனாரிடம் நீட்டினாள்.

"அண்ணி, சோம்பு..."

"கடைப்பொடி அப்படித்தான் இருக்கும்" என்றாள். "போயிட்டு வா" என்று சொல்ல வந்தவள் வாசலைப் பார்த்து, "போ" என்று மட்டும் சொன்னாள்.

படியிறங்கும் செருப்புச் சத்தம் தேய்ந்தது. தையல்காரி பழக்கம்போலக் குழாயடிக்குப் போய் சோப்பை எடுத்தாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என்ன நினைத்தாளோ, கையை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். இனிப்பாக, ஈரமாக, என்னவோ போல இருந்தது.

மருந்து வாடை மட்டும் இல்லவே இல்லை.

சோப்பை வைத்துவிட்டு, ஓடும் குழாயின் முன்னால் அந்தக் கையைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.