கோடு போட்ட தக்கை

தையல்காரன் அன்று தைத்த சட்டைக்கு இரண்டும் இடது கை. காலர் வைத்து, காஜா எடுத்து, இஸ்திரி போட்டு, ஹேங்கரில் மாட்டிய பிறகுதான் அவன் கண்ணிலேயே பட்டது. இத்தனை வருஷமாகக் கத்திரி பிடிக்கிற கைக்கு வரக்கூடிய தப்பா இது? அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குத் தச்சீங்க, நண்டுக்கா?" என்று கேட்டாள். அவன் சிரிக்கவில்லை.

சிரிப்பு எங்கிருந்து வரும்? கடைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், அக்கா படுத்திருந்தாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு துப்பாக்கி ரவை, கன்னத்தில் ஒன்று, தோளில் இரண்டு. எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நகக்கண் அளவு தள்ளிப் பட்டிருந்தால் கண் போயே போயிருக்கும் என்றார் டாக்டர். எடுத்ததை ஒரு சின்னத் தட்டில் போட்டு அவர் காட்டியபோது, அக்காவின் புருஷன் தலையில் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடையில் விற்கிற உருண்டை ரவை இல்லை அது. கத்தியால் நறுக்கிய, மூலை மூலையான ஈயம். அப்படி ரவை நறுக்குகிற ஆள் அந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான். அது அவரேதான்.

தையல்காரனுக்கு அவர் மாமா. பேட்டரிக் கடை வைத்திருப்பவர். செத்துப்போன பேட்டரிக்குள் இருக்கிற ஈயத்தை உருக்கித் தகடாக ஊற்றி, பொழுது போகாத நேரத்தில் உட்கார்ந்து நறுக்கி, புறா வேட்டைக்கு வைத்துக்கொள்வார். தையல்காரன் அவ்வளவு மெனக்கெட மாட்டான், கடை ரவைதான் வாங்குவான். ஆக, சுட்டது மாமா. ஊரே அப்படித்தான் சொன்னது. போலீஸும் அப்படி எழுதிக்கொண்டு, இரண்டு துப்பாக்கியையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டது. மாமாவும் "நான்தான், நான்தான்" என்றார். வேறு மாதிரி சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான். அவன் நண்டுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். அறுவடை முடிந்த சூரியகாந்திக் காட்டில் உதிர்ந்த விதை பொறுக்கப் புறாக்கள் கூட்டம் கூட்டமாக வரும். மாமாவும் அவனும் வழக்கம்போலப் போயிருந்தார்கள். இரண்டு பேருடையதும் வாய் வழியாகக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. முதலில் வெடிமருந்து, அதன்மேல் அடைப்பாக ஒரு தக்கை, அதன்மேல் ரவை, ரவை உருண்டு வெளியே வந்துவிடாமல் இன்னொரு தக்கை, பிறகு கம்பியால் நன்றாக இடித்துவிட்டுக் கடைசியில் குதிரைக்கு அடியில், நெருப்புப் பொறிக்கு ஒரு கேப்பு. ஒரு வெடிக்கு இத்தனை கூத்து. தக்கைக்கு மாமா செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பார். தையல்காரன் வீட்டில் துணித் துண்டுக்கா பஞ்சம்? ஒரு பைஜாமாவில் மிச்சமான பச்சைக் கோடு போட்ட துணியை வட்டம் வட்டமாக வெட்டி எடுத்துப் போயிருந்தான். சுட்டால் ரவையோடு தக்கையும் பறந்துவிடும், எதிரே வெள்ளைத் திரை விழுந்த மாதிரி புகை நிற்கும். அது கலைகிற வரைக்கும் பட்டதா இல்லையா என்று சுட்டவனுக்கே தெரியாது.

அதனால்தான் அவர்களே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். தலைக்குக் கீழே பறக்கிற புறாவைச் சுடக்கூடாது. மத்தியானம் அக்கா கூடையில் சாப்பாடு கொண்டுவருவாள். பாதை திரும்பும்போதே தூக்குவாளி மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வருவாள். சத்தம் கேட்டதும் துப்பாக்கி வாயை வானத்துக்குத் திருப்பிவிட வேண்டும். மாமாவுக்கு வெடிச் சத்தத்திலேயே காது மந்தமாகிவிட்டது. அதனால், "அக்கா வர்றா!" என்று அவருக்குக் கத்திச் சொல்வது தையல்காரன் வேலை. வேட்டையில் அவனுக்கென்று ஒதுக்கிய ஒரே பொறுப்பு அது ஒன்றுதான்.

அன்றைக்கு அவனுடைய ரவை தீர்ந்துபோயிற்று. மாமா விழுந்த புறாவை எடுக்கக் காட்டுக்குள் போயிருந்தார். அவர் ரவைப் பை மரக்கிளையில் தொங்கியது. ஒரு கை அள்ளிக் கெட்டித்துக்கொண்டான். அதற்கெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிற வழக்கம் அவர்களுக்குள் கிடையாது. மாமா திரும்பி வந்து எதிர்ப் பக்கம், வாய்க்கால் ஓரமாக நின்றார். அப்போதுதான் கேட்டது, தூக்கு மூடிச் சத்தம். தொலைவில் வருகிறாள், இன்னும் பாதை திரும்பியிருக்க மாட்டாள் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டம் தலைக்கு மேல் வந்துவிட்டது. கடைசியாக ஒரு வெடி போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு ஆசை.

மாமா குதிரையைத் தட்டினார். கேப்பு மட்டும் வெடித்தது, மருந்து பிடிக்கவில்லை. "சனியனே!" என்று அவர் துப்பாக்கியை இறக்கினார். கூட்டத்திலிருந்து ஒரு புறா மட்டும் பிரிந்து வேலியோரமாகத் தாழப் பறந்தது. தையல்காரன் அதன் கூடவே துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டு போய்ச் சுட்டான். அதே மூச்சில், தாமதமாக மருந்து பிடித்து, மாமாவுடையதும் வெடித்தது. காடே புகையாகிவிட்டது. தூக்கு மூடிச் சத்தம் நின்றுபோயிற்று. பிறகுதான் அக்காவின் அலறல்.

ஓடிப்போனால், அக்கா பாதையில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடை சாய்ந்து கிடந்தது. மாமா "ஐயோ, ஐயோ" என்று அவளைத் தூக்கினார். தையல்காரன் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. அவள் காலடியில், புல்லில், ஓரம் கருகிய பச்சைக் கோடு போட்ட வட்டம், இன்னும் லேசாகப் புகைந்துகொண்டு கிடந்தது. அதன்மேல் காலை வைத்தான். பிறகு செருப்பைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கூடப் பிறந்தவள் முகத்தில் ரத்தம் வழிகிறது. இந்த மகானுக்கு முதலில் தோன்றிய வேலை இது!

ஆஸ்பத்திரியில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தான். அதற்குள் ஈயத்தைப் பார்த்துவிட்டு மாமா பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். இவனுக்கு அது வசதியாகப் போயிற்று. அக்கா, "நான் தட்டிக்கிட்டுத்தானே வந்தேன்? அந்த மனுஷன் மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து படுத்தாள். தம்பிதான் ஆட்டோ வைத்து, சாப்பாட்டுக் கூடையோடு கூட்டிவந்தான். தம்பிதான் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டான். "உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா" என்று அவள் முதல் நாள் சொன்னபோது, மருந்துக் குப்பி அவன் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

சாயங்காலம் ஆனால் மாமா வந்துவிடுவார். உள்ளே போக அனுமதி இல்லை. வாடிக்கையாளர்கள் உட்காருகிற பெஞ்சில், ஒரு பை ஆரஞ்சை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்.

"மாப்ளே, கண்ணு எப்படி இருக்கு?"

"வீக்கம் வத்திருச்சு மாமா!" என்று கத்துவான். அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

இதற்கு அவன் தையல் மெஷினை மிதிப்பான். மாமா ஆரஞ்சுப் பையை மடியில் சரிசெய்துவிட்டு, மறுபடி அன்றைய வெடிக்கே வருவார்.

"கேப்பு வெடிச்சு மருந்து பிடிக்கலைன்னா, துப்பாக்கிய அசைக்காம அப்படியே நிக்கணும். நேத்துப் பழகினவனுக்குக்கூடத் தெரியும். நான் இறக்கிட்டேனே! இறக்கும்போது வாய் எந்தப் பக்கம் இருந்துச்சு மாப்ளே? நீ பார்த்தியா?"

பார்த்தான். நன்றாகவே பார்த்தான். அவர் வெடி வாய்க்காலில் போய், புகைக்கு மேலே சேறு ஆள் உயரத்துக்குத் தெறித்ததை ரெண்டு கண்ணாலும் பார்த்தான். அந்த ஒரு வார்த்தை போதும், மனுஷன் மூச்சு விட்டிருப்பார்.

"கவனிக்கலை மாமா!" என்று கத்தினான். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் கேட்டார், ஒவ்வொரு சாயங்காலமும் இவன் அதையே கத்தினான்.

அந்தத் தக்கை மட்டும் அவனை விடவில்லை. எத்தனையோ தடவை அடுப்பில் போடலாம் என்று எடுத்தான், போட முடியவில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் பழைய பையிலிருந்து புதுப் பைக்கு அதுவும் மாறியது. துணி அளக்கக் கை தூக்கினால் நெஞ்சில் உரசும். நல்லவன்தான், யார் இல்லை என்றது? ஆனால் நல்லவனாக இருந்து யாருக்கு என்ன லாபம், வாயைத் திறக்கவில்லையே.

இரண்டு இடது கை தைத்த அன்று மாமா ஆரஞ்சு கொண்டுவரவில்லை. பெஞ்சில் உட்காரவும் இல்லை. வீட்டுச் சாவியைத் துணி வெட்டுகிற மேசைமேல் வைத்தார்.

"அவ வீட்டுக்குப் போகட்டும் மாப்ளே. எத்தனை நாள் இப்படி இடிபட்டுக் கிடப்பா? நான் அங்க இருக்க மாட்டேன்னு சொல்லிடு."

"நீங்க எங்க போவீங்க?"

"எங்கேயோ. கடையையும் கைமாத்தி விட்டுடலாம்னு இருக்கேன். ஈயத்தைத் தொட்டா கை நடுங்குது. பேட்டரிக் கடைக்காரன் ஈயத்தைத் தொடாம என்னத்தப் பொழைக்கிறது?"

தையல்காரன் எழுந்தான். இதோ சொல்லிவிடப் போகிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவனே அப்படித்தான் நினைத்தான். கை மட்டும் நீண்டு சாவியை எடுத்துக்கொண்டது. மாமா தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. கண்ணைச் சுற்றி இன்னும் ஊதா நிறம்.

"மாமா சாவியக் குடுத்துட்டுப் போறாருக்கா."

"நீ வாங்கிக்கிட்டியா?"

அவன் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

"வாங்கிக்கிட்டு வந்துட்ட" என்றாள். தலையணைக்கு அடியில் கைவிட்டு எதையோ எடுத்து, அவன் முன்னால் மெத்தைமேல் வைத்தாள். பச்சைக் கோடு போட்ட துணி வட்டம். ஓரம் கருகியிருந்தது.

அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். அவனுடையது உள்ளேதான் இருந்தது.

"சாப்பாட்டுக் கூடையக் கழுவலாம்னு எடுத்தேன். மேல மூடியிருந்த துணி மடிப்புல கிடந்துச்சு. ஒரு வெடிக்கு எத்தனை தக்கைடா?"

"ரெண்டுக்கா."

"இன்னொண்ணு எங்க?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அதற்குள் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. எடுத்துப் பக்கத்தில் வைத்தான். இரட்டைப் பிள்ளை மாதிரி இரண்டும் கிடந்தன.

"அந்த மனுஷனுக்குக் காது கேக்காது" என்றாள் அக்கா. "உனக்குமா?"

"கேட்டுச்சு. தூரமா வர்றேன்னு நெனச்சுட்டேன்."

"கேட்டுச்சு." அக்கா அதையே திருப்பிச் சொன்னாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு அறை விட்டிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். இது கிடைச்சதுலேருந்து, இன்னிக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு படுத்துக் கிடக்கேன். தினமும் அந்தாளு கேக்க, நீ கத்திக் கத்திப் பொய் சொல்ற. திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்காதா? உன் லட்சணத்தைப் பார்க்கறதுக்காக, ஒரு தப்பும் பண்ணாத மனுஷனை வாசல்லயே உக்கார வெச்சேன். அந்தப் பாவம் எனக்கும்தான் போ."

"அக்கா..."

"என்கிட்ட அழாத. ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போ. போயிடப்போறாரு."

மாமா இன்னும் போகவில்லை. தெருவில் சைக்கிள் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி துளைக்குள் இறங்கவில்லை. தையல்காரன் போய் அவர் முன்னால் நின்று, உள்ளங்கையைத் திறந்து காட்டினான்.

"நான்தான் மாமா" என்றான்.

"என்னது?" மாமா காதை நீட்டினார்.

"நான்தான் சுட்டேன்!" என்று கத்தினான். எதிரே பழக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

மாமா ஒரு தக்கையை எடுத்து, கருகிய ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் கெட்டித்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

"எங்க கிடந்துச்சு?"

"அக்கா காலடியில ஒண்ணு, கூடைக்குள்ள ஒண்ணு!"

"ரவை?"

"உங்க பையில அள்ளினேன்!"

"அப்ப என் வெடி?"

"வாய்க்கால்ல போச்சு மாமா! சேறு தெறிச்சுது! நான் பார்த்தேன்!"

பழக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். தையல்காரன் அறைக்காகக் காத்திருந்தான். வாகாகக் கன்னத்தைக்கூடக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தான். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா கையை ஓங்கவே இல்லை. கடைப் படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப நான் இல்லையா?" என்றார்.

அக்கா வாசலுக்கு வந்திருந்தாள். மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகமெல்லாம் கண்ணீர், அதற்குள் ஒரு சிரிப்பு வேறு.

"நான் இல்லையாம்டி. என் வெடி வாய்க்கால்லதான் போச்சாம்."

"தெரியும். எந்திரிங்க" என்று அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். தம்பி பக்கம் திரும்பாமலே மறு கையை நீட்டினாள். அவன் வீட்டுச் சாவியை அதில் வைத்தான்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். ஒரு வசவு இல்லை, ஒரு சாபம் இல்லை, ஒருத்தரும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் இல்லை, நான் இல்லை" என்று மாமா சொல்லிக்கொண்டே போனார். தெருமுனை திரும்பிய பிறகும் அது கேட்டுக்கொண்டிருந்தது. தையல்காரனுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.