கிருபையாவது யாது?

போனை அரிசி டின்னின் மேல் சாய்த்து வைத்தேன். வழுக்கியது. அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு மறுபடி சாய்த்தேன். இணையவழி இறையியல் வகுப்பை நடத்தும் பன்னீர்செல்வம் ஐயா இன்னும் சற்று நேரத்தில் வீடியோவில் வந்து என்னையும், அதே வகுப்பில் படிக்கும் என் அண்ணன் கோகுல்ராஜையும் விசாரிக்கப் போகிறார். ‘கிருபை என்றால் என்ன?’ என்ற அசைன்மென்ட்டில் நாங்கள் இருவரும் அனுப்பிய பதிலின் தொடக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்ததாம். காப்பி என்று உறுதியானால் இருவரையும் வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். விதிமுறைகளின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. சேர்ந்த அன்றே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

நான் பட்டுக்கடையில் பில் போட்டுவிட்டு வந்து எழுதுகிறவள். அண்ணன் விசைத்தறி ஓட்டுகிறான். கரண்ட் போன நேரத்தில் எழுதுவான். அவன் எழுதியதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அவன் போன் திறந்து கிடந்தபோது என் கண்ணில் பட்டிருக்குமோ என்று பகலெல்லாம் யோசித்து, ஒரே புடவைக்கு இரண்டு முறை பில் போட்டேன்.

“நான்தான் பாத்து எழுதினேன்னு சொல்லிட்டு போயேன். எனக்கு கல்யாணம் ஆவணும்ல,” என்றான் அண்ணன்.

“காப்பி அடிச்சவனுக்கு பொண்ணு குடுக்க மாட்டாங்களா?”

“சண்ட போட்டுகினே இருங்க, அவரு வந்துடப் போறாரு,” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

ஐயா வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“யார் யாரப் பாத்து எழுதினீங்க, சிஸ்டர்?”

“பாக்கலீங்க ஐயா.” என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். எங்கள் சபையில் வெகுகாலம் ஞாயிறு பள்ளி நடத்தி, சிறுவயதில் எங்களையும் வினாவிடைப் பாடம் மனப்பாடம் செய்ய வைத்தவள். “ஸ்தோத்திரங்க ஐயா. ஒரு நிமிசம்.” எங்கள் பக்கம் திரும்பினாள். “கிருபையாவது யாது?”

நாங்கள் யோசிக்கவே இல்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. “கிருபையாவது, பெறத் தகுதியற்ற நமக்குத் தேவன் விலையின்றித் தரும் தயவேயாம்.” ஒரே ராகம், ஒரே இடத்தில் மூச்சு, முடிவில் ஒரே மாதிரி தலையாட்டல். மீசை வைத்த அண்ணன் கைகளைக்கூடக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஐயா சிரித்த சிரிப்பில் அவர் போன் ஆடியது. “போதும்மா, போதும். காப்பி இல்ல, நம்பிட்டேன். ஆனா இது உங்க பதில். பிள்ளைங்க பதில் எனக்கு இன்னும் வரல. ரெண்டு பேரும் புதுசா எழுதி அனுப்புங்க.”

“அப்பாடா, பேஜாரு தீந்துச்சு,” என்று அண்ணன் தறிக்கு ஓடினான். சுவருக்கு அப்பால் தறி தடதடக்கத் தொடங்கியது. என் தோள் எவ்வளவு இறுகியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிறகு புதுத் தாளில் கேள்வியை எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை.

“அம்மா, கிருபைன்னா இன்னாம்மா? பாடத்த விட்டுட்டு, நீயா சொல்லு.”

“இதுகூடவா தெரியாது? கிருபையாவது...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். தோசைக்கு அள்ளிய மாவு கரண்டியிலிருந்து சொட்டி, கல்லின் மேல் சின்னச் சின்ன வட்டங்களாக வெந்துகொண்டிருந்தது.