எல்லையில் கிடந்த சில்வர் ஓக்

திருவிழாவுக்கு வரும் பக்கத்து ஊர்த்தலைவரான கவுண்டர் எல்லையில் நின்றுவிடுவார். அழைத்த ஊரின் கவுண்டர் மேளத்தோடு நேரில் வந்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் மலையில் அதுதான் முறை. இந்த வருடம் கீழூர்த் திருவிழாவில் அந்த ஊர்க் கவுண்டர் வெள்ளையன் எல்லைக்கு வரவில்லை, தம்பியை அனுப்பினார். மேலூர்க் கவுண்டரான என் அப்பா ஐயாக்கண்ணு தூறலில் நின்றிருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மறுநாள் இரண்டு ஊருக்கும் நடுவே ஜீப் போகும் பாதையில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு சில்வர் ஓக் மரத்தை வெட்டிப் போட்டார்கள்.

"ஊத்துத் தண்ணிப் பிரச்சனை தீர்ற வரைக்கும் போக்குவரத்து இல்லீங்க" என்று அப்பா ஊர்க்கூட்டத்தில் அறிவித்தார். அப்படி ஒரு பிரச்சினை இருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "தம்பிய அனுப்பறான்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

ஏற்காட்டுக்குப் பஸ் கீழூரிலிருந்துதான். மரத்தைத் தாண்டக்கூடாதென்று எல்லோரும் காபித் தோட்டத்துச் சரிவில் சுற்றி நடந்தார்கள்.

அண்ணி புஷ்பலதா கீழூர்ப் பெண். நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். அண்ணனோ மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தான். அந்தச் சரிவில் அவளால் நடக்க முடியாது.

ஒரு சாயங்காலம் டிவியில் ஏதோ இரண்டு நாட்டுத் தலைவர்களைக் காட்டினார்கள். ஒருவர் கை நீட்ட, மற்றவர் பார்க்காததுபோல் நடந்துவிட்டார். அதன்பின் எல்லையை மூடிவிட்டார்களாம். லாரிகள் வரிசையாக நின்றன.

"மூடுனது சரிதான். கைய நீட்டுனவன் என்ன பொம்மையா?" என்றார் அப்பா.

"ஏனுங்க மாமா, அந்த லாரியில எல்லாம் என்னங்க இருக்கும்?" என்று அண்ணி கேட்டாள்.

"தக்காளி இருக்கும். என்ன இருந்தா என்ன?"

"அழுகிப் போயிருமில்லீங்க."

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இடுப்பு வலி கண்ட அன்று காலை அண்ணி யாரிடமும் கேட்கவில்லை. "பையைத் தூக்கிக்க கண்ணு" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். தகவல் எப்படியோ முந்திப் போயிருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஜீப் நின்றது. வெள்ளையன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். முட்டி வீங்கியிருந்தது. அப்பாவும் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார். அந்த முட்டியையே பார்த்தார்.

"சொல்லியிருக்கலாமில்லீங்க."

"என்னத்தச் சொல்றது? மேளத்துக்கு முன்னால நொண்டிக் காட்டச் சொல்றீங்களா?"

அப்பாவின் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"மரத்தை எடுக்கச் சொல்லுங்க" என்றார் வெள்ளையன்.

"நீங்க கேட்டுக்கிட்டா எடுக்கறோம்."

"போட்டவங்கதான் எடுக்கோணும்."

அண்ணி மரத்தின்மேல் உட்கார்ந்தாள். ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு மூச்சு வாங்கினாள். "யாராச்சும் கையக் குடுங்க."

அப்பா கொடுத்தால் அனுப்பியதாகிவிடும். வெள்ளையன் கொடுத்தால் கெஞ்சி வாங்கியதாகிவிடும். இருவரும் அசையவில்லை. நான் பையை வீசிவிட்டு மரத்தைத் தாண்டி அவளை இறக்கினேன்.

அன்று மாலை அப்பா கூட்டத்தில், "மனுசத்தன்மையில நாமதான் அனுப்பி வெச்சோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கீழூரிலும் ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் குழந்தையைப் பார்க்க, தோட்டத்தைச் சுற்றியே நடந்தேன்.