நாலாம் எண் செடி

முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆறாம் எண் செடியின் அடி இலையில் அதைக் கண்டதும் குகநேசன் குனிந்தார்.

இலையைத் திருப்பினார். பின்புறத்தில் முப்பது, நாற்பது புள்ளிகள். நரம்போரமாக மெல்லிய நூல். லென்ஸை வைத்துப் பார்த்தபோது அந்த நூலின் மேல் ஏதோ நடந்து போனது.

சிலந்திப்பேன். இலைச் சாற்றை உறிஞ்சி, வலை கட்டிப் பரவும் பூச்சி.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லாத அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அப்போது அவரும் வாசல் காவலரும் மட்டுமே இருந்தார்கள்.

குகநேசனுக்கு ஐம்பத்து நாலு வயது. அகதியாக வந்து, வடக்கே பின்மார்க்கில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவில் பள்ளிக்கூடங்கள் கழுவி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர். வளர்ப்பறைகளின் சூடு, ஈரம், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. பதினொரு வருடமாக ஒரு பிழை விட்டதில்லை. அதனால் மூன்று அறைகளின் சாவியும் அவரிடம் இருந்தது.

இரண்டாம் அறையில் நின்றவை கஞ்சாச் செடிகள். அரசாங்க அனுமதியோடு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வளர்த்தவை. புகைக்கிற சரக்கல்ல. லாவோஸின் வடக்கு மலையில் ஒரு சிற்றூரார் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்த நாட்டு வித்து. ஒல்லியான நீள இலை. மலையில் இரண்டாள் உயரம் வளரும். இங்கே கூரை முட்டியதால் வளைத்துக் கட்டியிருந்தார்கள். தண்டை உரித்து நார் எடுத்து அந்த ஊர்ப் பெண்கள் துணி நெய்வார்கள். இறந்தவருக்கு அந்தத் துணியைத்தான் உடுத்தவேண்டும். இல்லாவிட்டால் முன்னோர்கள் அடையாளம் காணமாட்டார்களாம்.

பிறகு நகரத்திலிருந்து புது வித்து வந்தது. குட்டையாக வளர்ந்து, பூக் கனத்து, சீக்கிரம் விலைபோகிற வித்து. அதன் மகரந்தம் காற்றோடு மலையேறியது. சில வருடங்களிலேயே பழைய செடி அந்த ஊரில் ஒன்றுகூடக் கலப்பில்லாமல் மிஞ்சவில்லை. மிஞ்சியது, முன்னொரு காலத்தில் அந்த வழியாக நடந்து போன நோர்வேக்காரர் ஒருவர் கோப்பித் தகர டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, உறைபெட்டியில் மறந்துவிட்ட ஒரு கைப்பிடி விதை. அதில் முளைத்தது ஒன்பது. ஆண் செடி ஐந்தும் மகரந்தம் தந்து முடிந்துவிட்டன. பெண் செடி நாலு நின்றன. விதை முற்ற இன்னும் ஐந்து வாரம்.

பேன் எங்கிருந்து வந்தது என்று குகநேசன் தேடவில்லை. கடைசி அடுக்குக்குப் பின்னால், நீலத் தார்ப்பாய்ப் படங்கின் மறைவில் அது நின்றது. மனைவி புஷ்பமலரின் கறிவேப்பிலை.

கார்த்திகைக் குளிரில் மோர்டென்ஸ்ருட்டில் உள்ள வீட்டின் யன்னலோரம் அது இலை கொட்டத் தொடங்கியபோது அவள் நச்சரித்தாள்.

"இஞ்சேருங்கோ, பன்ரண்டு வருசம் வளர்த்தது. உங்கடை கஞ்சாவுக்கு ராசா மாதிரி ஒரு அறை. என்ரை கறிவேப்பிலைக்கு ஒரு மூலை இல்லையோ?"

"வெளிச்செடி உள்ளை விடக்கூடாது. அந்த அறிவித்தலை ஒட்டினதே நான்தான்."

"அப்ப கழட்டிப்போட்டு, இதை வைச்சிட்டுத் திரும்ப ஒட்டுங்கோவன்."

போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார். காவலர் கையசைத்தார். போகும்போதுதான் பையைத் திறந்து காட்டவேண்டும். வரும்போது யாரும் கேட்பதில்லை. லோறென்ஸ்கூக்கில் இருக்கும் மைத்துனன் யோகலிங்கம் ஒவ்வொரு விருந்திலும், "என்னத்தான், ஒரு இலை தவறி பொக்கற்றுக்குள்ளை விழுறதில்லையோ?" என்று கேட்டுச் சிரிப்பான். வெளியே போகும் இலையைத்தான் ஊரெல்லாம் நினைத்தது. உள்ளே வரும் இலையை யார் நினைத்தார்?

இப்போது அதை வெளியே எடுக்கவும் வழியில்லை. கஞ்சா வளர்க்கிற கட்டடத்திலிருந்து பச்சைச் செடியோடு போகிறவரைக் காவலர் விடுவாரா? எட்டரைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். குகநேசன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பூட்டிக் கிடந்த மூன்றாம் அறைக்குள் ஓடினார்.

செவ்வாய்க்கிழமை அதே அறையில் அதைத் துண்டு துண்டாக வெட்டினார். எரிக்கக் கொடுக்கும் கழிவுப் பைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். பன்னிரண்டு வருடச் செடி. வெட்ட வெட்ட வாசம் எழுந்து அறையை நிறைத்தது. இரண்டாம் அறைச் செடிகளின் புள்ளி விழுந்த இலைகளையும் கிள்ளிப் பையில் போட்டார். அன்றே வாயைத் திறந்திருந்தால் பேனைத் தின்னும் பூச்சியை வரவழைத்துத் தடுத்திருக்கலாம். அது அவருக்கும் தெரியும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார்.

புதன்கிழமை அந்த மலையூரிலிருந்து யெர் என்ற பெண் வீடியோவில் வந்தாள். அறுபது வயது நெசவுக்காரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: விதை எப்போது வரும்? அன்று மொழிபெயர்ப்பாளர் இன்னொன்றும் சொன்னார். "அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். விதைத்து, உரித்து, நெய்ய எனக்கு ஒரு வருடம் வேண்டும். செடிகள் சுகமா?"

ஆய்வுக்குப் பொறுப்பான கோகிலவாணி பொள்ளாச்சிக்காரி. அவள் குகநேசன் பக்கம் திரும்பினாள். "தினமும் பாக்கறது நீங்கதானுங்கண்ணா. நீங்களே சொல்லுங்க."

திரையில் யெர் காத்திருந்தாள்.

"நல்லா நிக்குது" என்றார் குகநேசன்.

வியாழன் காலை அறைக்குள் போன கோகிலவாணி கூப்பிட்ட குரல் நடைபாதை முழுவதும் கேட்டது. ஆறாம், ஒன்பதாம் செடிகளின் உச்சிப் பூக்களைச் சேர்த்துப் பேன் வலை கட்டியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது பட்டுப்போல் மினுங்கியது. இரண்டாம் எண் செடியிலும் புள்ளிகள். மருந்தடித்தால் பிஞ்சு விதை கருகிவிடும்.

வெள்ளிக்கிழமை மூன்று செடிகளையும் எரிக்கக் கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியைத் தள்ளியவர் குகநேசன்.

நாலாம் எண் மட்டும் மிஞ்சியது. அறையின் மறுகோடியில் நின்றதால் அதில் ஒரு புள்ளியும் காணவில்லை. தலைமை அதிகாரி கூட்டம் வைத்தார். எங்கிருந்து வந்தது?

கோகிலவாணி எழுந்து நின்றாள். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நோர்வே மொழியில் தெளிவாகச் சொன்னாள்: என் வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருக்கிறது, நேற்றிரவு லென்ஸில் பார்த்தேன், அதில் இதே பேன். என் உடையோடுதான் வந்திருக்கவேண்டும். பொறுப்பு என்னுடையது.

குகநேசன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறிவேப்பிலை வேரில் வெடிக்கும் கன்றைப் பெயர்த்து, வேண்டியவர்களுக்குக் கொடுப்பது புஷ்பமலரின் வழக்கம். தீபாவளிக்கு வந்த கோகிலவாணிக்கும் ஒரு கன்று கொடுத்தனுப்பினாள். "எங்கடை வீட்டுப் பிள்ளை மாதிரி. வெறுங்கையோடை விடேலுமே?"

விசாரணை முடியும்வரை அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதாக அதிகாரி சொன்னார். இன்று மாலை நாலாம் செடியை இடம் மாற்றும்வரை மட்டும் இருக்கலாம். எல்லோரும் போனபிறகு, ஆறு மணிக்கு விளக்கு அணைந்து செடியின் இரவு தொடங்கும்போது மாற்றவேண்டும்.

"எந்த அறைக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"மூன்றாம் அறை" என்றாள் கோகிலவாணி. "முதலாம் அறைக்கும் நான் போய்வந்திருக்கிறேன். அங்கே ஒரு நாளும் போனதில்லை. இந்தக் கட்டடத்தில் சுத்தமான அறை அது ஒன்றுதான்."

மாலை ஆறு. செடியின் இரவைக் கலைக்காத பச்சை விளக்குக் கட்டிய தள்ளுவண்டியில் நாலாம் செடி நடைபாதையில் வந்தது. புது அங்கி, கையுறை, முகமூடியோடு கோகிலவாணியும் குகநேசனும் மட்டும். வளைத்துக் கட்டிய உச்சி, முடிச்சு அவிழ்ந்து நீண்டு ஆடியது.

"அழாதை தங்கச்சி" என்றார் குகநேசன்.

"அழுகலீங்கண்ணா. அந்தம்மா மொகம்தான் கண்ணுக்குள்ள நிக்குது. இந்த ஒரு செடி போதுமுங்க. முந்நூறு விதை வரும். சாவி குடுங்க."

அவர் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொடுத்தால் அவளுக்கு வேலை போகும், அவருக்குப் போகாது. ஒரு வாரத்தில் இந்தச் செடியிலும் பேன் வலைகட்டும். அந்தப் பழியையும் அவளுடைய உடைமீதே போடுவார்கள்.

"என்னுங்க, சாவியக் குடுங்கண்ணா."

"அந்தக் கதவைத் திறவாதை."

"ஏனுங்க?"

"உன்ரை கன்று எங்கடை வீட்டுக் கன்று. அதின்ரை தாயை நான்தான் உள்ளை கொண்டுவந்தனான். கார்த்திகை தொடக்கம் ரெண்டாம் அறையிலை நிண்டது. திங்கக்கிழமை புள்ளியைக் கண்டவுடனை இதுக்குள்ளை ஒளிச்சனான். இதுக்குள்ளை வைச்சுத்தான் வெட்டினனான்."

அவள் விரல்களை மடக்கினாள். திங்கள், செவ்வாய், புதன்.

"புதன்கிழமை அந்தம்மாகிட்ட நல்லா நிக்குதுன்னீங்களே."

"ஓம்."

"திங்கக்கிழமை சொல்லியிருந்தா நாலும் நின்னிருக்குமுங்க."

"ஓம்."

முன்னால் மூன்றாம் அறை. பின்னால் இரண்டாம் அறை. வெளியே பனி, மைனஸ் பதினாறு. நடைபாதை விளக்கு ஒருபோதும் அணையாதது; கடந்து போகலாம், நிறுத்திவைக்க முடியாது. இருட்டுக் குலைந்தால் விதை பிசகும். கோகிலவாணி சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்து அந்த விளக்கை அணைத்தாள். பச்சை வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

"மேலதிகாரிக்குப் போன் பண்ணுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. கூட்டம் நடக்கற அறையக் காலி பண்ணி, கழுவி, அங்க வெப்போம். அதுக்கு முன்னால இதை இன்னொருக்கா பாக்கணும்."

அவர் தொலைபேசியை எடுத்தார். அவள் லென்ஸோடு மண்டியிட்டு, ஒவ்வொரு இலையாகத் திருப்பினாள். மறுமுனையில் அதிகாரியின் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது இலையில் அவள் கை நின்றது.

"அண்ணா, இங்க வாங்க."

லென்ஸை அவரிடம் நீட்டினாள். குகநேசன் குனிந்தார். நரம்போரமாக ஒரு புள்ளி. தூசியாகவும் இருக்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தொலைபேசியில் அதிகாரியின் குரல், "ஹலோ? ஹலோ?" என்றது.

புள்ளி காலெடுத்து வைத்தது.